ஆய்வுக் கட்டுரையை வரைபடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

போன ஜூன் மாதம், பென்னாகரம் பக்கத்திலிருந்து தருமபுரிக்குப் படிக்க வரும் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி பன்னிரண்டு பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்றை அச்செடுத்துக்கொண்டு வந்தாள். துணியில் செய்த, வளையக்கூடிய சூப்பர் கெப்பாசிட்டர் (வேகமாக ஏறி இறங்கும் மின்சேமிப்புக் கருவி) பற்றிய கட்டுரை அது. முதல் பக்கத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலில் பொடி எழுத்தாகத் தமிழ் அர்த்தம் எழுதியிருந்தாள். நான்கு நாள் உழைப்பு. சுருக்கத்தின் ஐந்தாவது வரியோடு பென்சில் நின்றிருந்தது.

"இதுக்கு மேல ஓடல சார்" என்றாள்.

நான் தாளைப் புரட்டி நான்காம் பக்கத்தில் இருந்த வரைபடத்தைக் காட்டினேன். "கீழ் அச்சுல என்ன எழுதியிருக்கு? பக்கத்து அச்சுல என்ன? அதுக்கு அலகு என்ன?" இந்த மூன்றையும்தான் கேட்டேன். அரை மணி நேரத்தில் கட்டுரையில் பாதி அவள் கைக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தவர்களுக்கும், கல்லூரியில் இப்போதுதான் ஆய்வுப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்களுக்கும் அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) போன்ற குவாண்டம் பொருள்கள், நியூரல் நெட்வொர்க்குகளின் இயக்கம், வளையும் மின்சேமிப்பு ஆகிய மூன்று துறைகளை எடுத்துக்கொள்கிறேன். மூன்றிலும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் கட்டுரையைத் தொட வேண்டும் என்றால் யாரும் தொடவே முடியாது. ஒவ்வொரு துறையிலும் ஒரே ஒரு வரைபடத்தை நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் உள்ளே நுழைய வழி கிடைத்துவிடும்.

கட்டுரை எங்கே கிடைக்கும்

முதல் வேலை, காசு கொடுக்காமல் படிக்க வழி செய்துகொள்வது. இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991-ல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் கட்டுரைகள் இலவசம். அதில் திடப்பொருள் இயற்பியலை உள்ளடக்கிய 'கண்டென்ஸ்டு மேட்டர்' என்ற பெரிய பிரிவைத் திறந்தால் மீக்கடத்திகளுக்கு ஓர் உட்பிரிவு, பொருள் அறிவியலுக்கு ஓர் உட்பிரிவு, 'ஒழுங்கற்ற அமைப்புகளும் நியூரல் நெட்வொர்க்குகளும்' என்று இன்னோர் உட்பிரிவு இருக்கும். நியூரல் நெட்வொர்க்குக்குத் திடப்பொருள் இயற்பியலில் என்ன வேலை என்று தோன்றும். அதற்குப் புளியங்கொட்டையை வைத்துக் கொஞ்ச நேரத்தில் பதில் சொல்கிறேன்.

அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உங்கள் நூலகரிடம் போய் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தெரியாமலேயே படிப்பை முடித்துப் போனவர்கள் நிறைய.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆர்க்கைவில் ஏறும் கட்டுரைகள், மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே ஏறிவிடும். அதனால் முதல் மாதம் சுடச்சுட வந்த கட்டுரை வேண்டாம். துறையை மொத்தமாக விளக்கும் மறுஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுங்கள். தலைப்புக்குப் பிறகு நேராக வரைபடங்களுக்குப் போங்கள், அவற்றின் அடிக்குறிப்பைப் படியுங்கள், அப்புறம் செய்முறைப் பகுதி, பிறகு முடிவுரை. சுருக்கத்தைக் கடைசியில் படியுங்கள். அது எழுதியவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை. வேலையை நீங்கள் பார்த்த பிறகு அதைப் படித்தால்தான் எடை போட முடியும்.

குவாண்டம் பொருள்கள்: மின்தடையும் வெப்பநிலையும்

இந்தத் துறையின் அடிப்படை வரைபடத்தில் கீழ் அச்சு வெப்பநிலை, பக்கத்து அச்சு மின்தடை. இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஹோல்டரில் மாட்டாமல், ஆறிய நிலையில், மல்டிமீட்டரால் அதன் தடையை அளந்தால் 60, 70 ஓம் அளவில் காட்டும். எரியும்போது எவ்வளவு? மீட்டர் வைக்க வேண்டாம், கணக்குப் போதும். 230-ஐ 230-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் சுமார் 880 ஓம். அதே டங்ஸ்டன் கம்பிதான். சூடு ஏறினால் உலோகத்தின் தடை இத்தனை மடங்கு ஏறுகிறது. வரைபடத்தில் கோடு வலப்பக்கம் ஏறினால் உலோகம், குளிரக் குளிரத் தடை கூடினால் குறைக்கடத்தி அல்லது மின்காப்புப் பொருள். குளிரும்போது ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்து பூஜ்யத்தில் ஒட்டிக்கொண்டால் மீக்கடத்தி. 1911-ல் லெய்டனில் காமர்லிங் ஓன்னஸின் ஆய்வகத்தில் பாதரசம் 4.2 கெல்வினில் அப்படித்தான் விழுந்தது. 1987-ல் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் கலந்த பீங்கான் போன்ற பொருள் ஒன்று 93 கெல்வினிலேயே விழுந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அதற்கு மேலேயே மீக்கடத்தல் கிடைத்துவிட்டால் விலை உயர்ந்த திரவ ஹீலியம் தேவையில்லை.

இப்போது அந்த மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது, 0.2, 0.3 ஓம் என்று நிற்கும். அது வயரின் தடையும் தொடும் இடத்தின் தடையும். இந்தச் சின்ன எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டால் 'நான்கு முனை அளவீடு' என்று கட்டுரையில் ஏன் எழுதுகிறார்கள் என்பது தானே விளங்கும். இரண்டு வயரில் மின்னோட்டத்தை அனுப்பி, வேறு இரண்டு வயரில் மின்னழுத்தத்தை மட்டும் அளந்தால்தான் பொருளின் சொந்தத் தடை தெரியும். எம்.ஃபில். செய்தபோது வெள்ளிப் பசை சரியாக ஒட்டாத ஒரு முனையால் எனக்கு மூன்று வாரம் போனது. அன்றிலிருந்து எந்தக் கட்டுரையிலும் தடையை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

2023 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்ற பொருளைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஈயம், தாமிரம், பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த பொருள், அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். நம் மாணவர் குழுக்களிலும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. வரைபடத்தில் ஏறத்தாழ 104 செல்சியஸ் பக்கத்தில் தடை தடாலென்று விழுகிறது, பார்த்தால் மயங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பொருளில் தாமிர சல்ஃபைடு கசடாகக் கலந்திருந்தது. அதன் படிக அமைப்பு அதே வெப்பநிலையில் மாறும், மாறும்போது தடை சட்டென்று குறையும். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் இந்தப் பொருளைச் செய்து பார்த்து, மீக்கடத்தல் இல்லை என்று சொன்னது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கசடு இல்லாத ஒற்றைப் படிகம் வளர்த்தார்கள். அது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் மின்காப்புப் பொருளாக இருந்தது.

ஆகவே கோடு விழுவதைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். விழுந்த இடம் உண்மையிலேயே பூஜ்யமா, அல்லது அச்சின் அளவு பெரிதாக இருப்பதால் பூஜ்யம்போல் தெரிகிறதா? அடுத்தது, காந்தப்புலத்தை வெளியே தள்ளும் சோதனை பக்கத்தில் இருக்கிறதா? 1933-ல் மைஸ்னர் கண்ட விளைவு அது. இரண்டும் சேர்ந்து இல்லாமல் மீக்கடத்தி என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்றும் இதழின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். 2020-ல் நேச்சர் இதழில் அறை வெப்பநிலை மீக்கடத்தி என்று வந்த கட்டுரை 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. பெரிய இதழ் என்பதற்காகச் சோதனையைத் தளர்த்தக் கூடாது.

இது பழகியதும் 2018-ல் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரில்யோ-ஹெரேரோ குழு செய்த கிராஃபீன் வேலைக்குப் போங்கள். ஓர் அணுத் தடிமன் உள்ள இரண்டு கிராஃபீன் (கார்பன்) தாள்களை 1.1 பாகை திருப்பி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், 1.7 கெல்வினில் மீக்கடத்துகிறது. அங்கே வண்ண வரைபடம் வரும். கீழே எலெக்ட்ரான் அடர்த்தி, பக்கத்தில் வெப்பநிலை, தடை எவ்வளவு என்பது நிறத்தில். ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையை முதலில் படித்தால், நடுவில் தெரியும் குவிமாட வடிவம்தான் மீக்கடத்தும் பகுதி என்று புரிந்துவிடும்.

நியூரல் நெட்வொர்க்: ஐந்து புளியங்கொட்டைகள்

புளிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. ஐந்து கொட்டைகளை எடுத்து, தாயம் ஆட உரசுவதுபோல ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் உரசி வெள்ளையாக்குங்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு என்று வரிசையாக வையுங்கள். இதுதான் நெட்வொர்க் நினைவில் வைக்க வேண்டிய வடிவம். எந்த இரண்டு கொட்டைகள் ஒரே நிறம், எவை எதிர் நிறம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கொட்டைகளுக்குப் பத்து ஜோடி வரும். இந்த வகைக்கு ஹாப்ஃபீல்டு நெட்வொர்க் என்று பெயர், கொட்டை ஒவ்வொன்றும் ஒரு நியூரான். அதில் இணைப்பு எடை என்பது இந்தப் பத்து குறிப்புகள்தான்.

இப்போது மூன்றாவது கொட்டையைக் கறுப்பாகப் புரட்டி வடிவத்தைக் கெடுங்கள். பிறகு ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, மற்ற நான்கிடமும் வாக்குக் கேளுங்கள். தாளில் 'ஒரே நிறம்' என்று இருந்தால் அந்தக் கொட்டை தன் இப்போதைய நிறத்துக்கு வாக்களிக்கும். 'எதிர் நிறம்' என்றால் தன் எதிர் நிறத்துக்கு வாக்களிக்கும். பெரும்பான்மை சொன்னபடி புரட்டுங்கள், சமமாக இருந்தால் அப்படியே விடுங்கள். மூன்றாவது கொட்டைக்கு முதல் கொட்டை வெள்ளை என்கிறது, இரண்டாவது தான் கறுப்பாக இருந்து வெள்ளை என்கிறது, நான்காவதும் ஐந்தாவதும் வெள்ளை என்கின்றன. நான்குக்குப் பூஜ்யம். கொட்டை வெள்ளைக்குத் திரும்புகிறது. மற்ற கொட்டைகளைக் கேட்டாலும் எதுவும் மாறாது. கெட்டுப்போன நினைவு தானாகச் சரியாகிவிட்டது.

இரண்டு கொட்டைகளைக் கெடுத்தாலும் திரும்பி வரும், செய்து பாருங்கள். மூன்றைக் கெடுத்துப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. வரிசை முழுக்கத் தலைகீழாகி, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு, வெள்ளை என்று போய் நிற்கும். ஜோடிகள் ஒரே நிறமா எதிர் நிறமா என்பதை மட்டும்தான் தாள் வைத்திருக்கிறது. அதன் கணக்கில் அசலும் அதன் நெகட்டிவும் ஒன்றுதான்.

ஒவ்வொரு அடியிலும் தாளோடு முரண்படும் ஜோடிகளை எண்ணிக்கொண்டே வந்தால், அந்த எண்ணிக்கை குறையும் அல்லது அப்படியே இருக்கும், ஒருபோதும் கூடாது. அதுதான் ஆற்றல். கட்டுரைகளில் வரும் மேடு பள்ள வரைபடத்தில் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு நினைவு. காந்தத்துக்குள் அணுக்களின் சின்னச் சுழற்சிகள் (ஸ்பின்) ஒன்றையொன்று பார்த்துத் திரும்புவதும் இதே கணக்குத்தான், அதனால்தான் இந்த உட்பிரிவு திடப்பொருள் இயற்பியலுக்குள் இருக்கிறது. ஜான் ஹாப்ஃபீல்டு 1982-ல் எழுதிய கட்டுரை இது. ஜெஃப்ரி ஹின்டனோடு அவருக்கு 2024-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. எத்தனை நினைவுகள் தாங்கும் என்பதை 1985-ல் அமித், குட்ஃப்ராயிண்ட், சோம்போலின்ஸ்கி மூவரும் கணக்கிட்டார்கள். 100 நியூரானுக்குச் சுமார் 14. அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் நினைவுக்கு வராது.

இயக்கம் பற்றிய கட்டுரைகளுக்குப் போகும்போது கீழ் அச்சு நேரமாக மாறும், பக்கத்து அச்சு ஒவ்வொரு நியூரானின் செயல்பாடு. பைத்தான் தெரிந்தால் இருபது வரியில் செய்யலாம். 200 நியூரான்களை, சராசரி பூஜ்யமும் திட்டவிலக்கம் 1-ம் உள்ள தற்செயலான எடைகளால் இணைத்து, ஒவ்வொன்றின் வெளியீட்டையும் tanh சார்பால் -1-க்கும் 1-க்கும் இடையில் அடக்கி, எடைகளை 200-ன் வர்க்கமூலத்தால் வகுத்து, மொத்தத்தையும் ஓர் எண்ணால் பெருக்குங்கள். அந்த எண் 0.5 என்றால் எல்லாக் கோடுகளும் அடங்கிப் பூஜ்யத்துக்குப் போய்விடும். 2 என்றால் அடங்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரே மாதிரி இரண்டு தடவை ஆடாது. 1-ஐத் தாண்டும்போது ஒழுங்கின்மை (கேயாஸ்) பிறக்கிறது என்று 1988-ல் சோம்போலின்ஸ்கி, கிரிசான்டி, சோமர்ஸ் காட்டினார்கள். இன்றைய கட்டுரைகள் பலவும் இந்த எல்லைக் கோட்டைச் சுற்றித்தான் நடக்கின்றன.

வளையும் மின்சேமிப்பு: எதை எதால் வகுத்தார்கள்

ஓசூர், போச்சம்பள்ளி பக்கம் மின்வாகனத் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் பிள்ளைகள் அதிகம் கேட்பது இந்தத் துறையைத்தான். இங்கே வரைபடம், மின்னோட்டத்தை நிலையாக வைத்து ஏற்றி இறக்கும்போது மின்னழுத்தம் நேரத்தோடு எப்படிப் போகிறது என்பது. மின்தேக்கி என்றால் முக்கோணம்போல நேர்கோடாக ஏறி நேர்கோடாக இறங்கும். பேட்டரி என்றால் நடுவில் சமதளம் வரும். சூப்பர் கெப்பாசிட்டர் என்று தலைப்பில் போட்டுவிட்டு வரைபடத்தில் சமதளம் இருந்தால், அது பேட்டரி வகை. அதற்கு ஃபாரட் கணக்கு சொல்வது பொருந்தாது.

எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ இணையத்திலோ 5.5 வோல்ட், 1 ஃபாரட் நாணய வடிவ சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று வாங்குங்கள். இரண்டு பென்சில் செல்களைச் சேர்த்து, 100 ஓம் தடை வழியாக அரை மணி நேரம் ஏற்றுங்கள். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. பிறகு செல்லைக் கழற்றிவிட்டு 1,000 ஓம் தடை வழியாக இறக்கி, நிமிடத்துக்கு ஒரு முறை மின்னழுத்தத்தைக் குறியுங்கள். 16 நிமிடம் 40 வினாடியில் 3 வோல்ட் ஏறத்தாழ 1.1 ஆகும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம். இங்கே மின்னோட்டமும் குறைந்துகொண்டே போவதால் கோடு வளையும், கட்டுரையில் மின்னோட்டம் நிலையாக இருப்பதால் நேராக வரும். தடையை இணைத்த அந்த நொடியில் மின்னழுத்தம் சட்டென்று கொஞ்சம் இறங்குவதைக் கவனியுங்கள். அது உள்தடையின் வேலை. கட்டுரை வரைபடத்திலும் முக்கோண உச்சியில் அந்தச் செங்குத்து இறக்கத்தைத் தேடுங்கள். சிறியதாக இருந்தால் நல்ல கருவி.

ஆற்றலையும் கணக்கிடுங்கள். பாதி × 1 × 3 × 3 என்றால் 4.5 ஜூல். ஒரு நல்ல ஆல்கலைன் பென்சில் செல்லில் பத்தாயிரம் ஜூலுக்கு மேல் இருக்கும். வேகமாக ஏறும், லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும், ஆனால் கொஞ்சம்தான் பிடிக்கும்.

'180 பாகை வளைத்தோம்' என்று வந்தால் பாகையை விட்டுவிட்டு வளைவின் ஆரத்தைத் தேடுங்கள். தடிமனை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பு எத்தனை பங்கு இழுபடுகிறது என்று வரும். 0.2 மி.மீ. தடிமன், 10 மி.மீ. ஆரம் என்றால் 1 சதவீதம். அதையே 2 மி.மீ. ஆரத்தில் மடித்தால் 5 சதவீதம். இரண்டும் 180 பாகைதான். எத்தனை முறை வளைத்த பிறகு அளந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எடைதான் பெரிய விஷயம். ஓடும் நாரும் கொட்டையும் நீக்கிய புளியின் விலையை வைத்து, மரத்திலிருந்து உலுக்கிய மொத்தப் புளிக்கும் யாராவது காசு கொடுப்பார்களா? 'ஒரு கிராமுக்கு இத்தனை ஃபாரட்' என்று வரும்போது அந்தக் கிராமுக்குள் பெரும்பாலும் கார்பன் மட்டும்தான் இருக்கும். துணி, மின்பகுளி ஜெல், உறை எதுவும் இருக்காது. யூரி கோகோட்சியும் பாட்ரிஸ் சிமோனும் 2011-ல் சயன்ஸ் இதழில் இதைத்தான் எச்சரித்தார்கள்.

ஆளிடமும் கேளுங்கள்

தனியாகவே மல்லுக்கட்ட வேண்டாம். ஓசூர் வழியாகப் பெங்களூரு ரயில் நமக்குப் பக்கம், இந்திய அறிவியல் கழகம் ஆண்டுதோறும் திறந்த நாள் நடத்தும்போது ஆய்வகங்களுக்குள் போய்ப் பார்க்கலாம். தேசிய குவாண்டம் திட்டத்தின் நான்கு மையங்களில் ஒன்று அங்கே, ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில். மின்வேதியியலுக்குக் காரைக்குடியில் உள்ள மத்திய ஆய்வகம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள கோட்பாட்டு அறிவியல் மையமான ஐ.சி.டி.எஸ். தன் விரிவுரைகளை யூடியூபில் போடுகிறது. மூன்று அறிவியல் அகாதெமிகளும் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

கட்டுரை எழுதியவரிடமும் கேட்கலாம். முதல் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும். பென்னாகரத்துப் பெண் அதைத்தான் செய்தாள். அவள் கொண்டுவந்த கட்டுரையில் 'கிராமுக்கு 300 ஃபாரட்' என்று இருந்தது. கட்டுரையோடு சேர்ந்து வரும் துணைக் கோப்பில் தேடி, ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கார்பன் 0.4 மில்லிகிராம் என்று கண்டுபிடித்தாள். அப்படியென்றால் ஒரு மின்வாய்க்கு 0.12 ஃபாரட். இரண்டு மின்வாய்கள் தொடரிணைப்பில் இருப்பதால் கருவிக்கு அதில் பாதி, 0.06. துணியின் எடை எங்கேயும் இல்லை. இரண்டு வரியில் ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள், நான் ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. துணி, ஜெல், எல்லாம் சேர்த்துச் சதுர சென்டிமீட்டருக்கு 60 மில்லிகிராம்.

கருவி முழுவதற்கும் கிராமுக்கு 1 ஃபாரட். அந்த எண்ணை, தமிழ் அர்த்தங்கள் எழுதிய முதல் பக்கத்தில், 300-க்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ஜெல்லின் தடிமனைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று இப்போது எங்கள் ஆய்வகத்தில் செய்துகொண்டிருக்கிறாள்.